மணிக்கட்டு: சுளுக்கா, முறிவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உம்மாவுக்கு 64 வயது. கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வளைந்திருக்கிறது, ஆனால் விரல்களை மடக்குகிறார். அப்படியென்றால் முறிவில்லைதானே? (ஏறாவூர்)

விரல் மடங்குவதை நம்பாதீர்கள். விரல்களை இழுக்கும் தசைகள் முன்கையில் இருப்பதால் எலும்பு முறிந்தாலும் அவை வேலை செய்யும். கையைப் பக்கவாட்டில் பாருங்கள். மணிக்கட்டின் மேற்புறம் புடைத்து, கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போலத் தெரிந்தால், முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்து பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. இதுதான் கொலிஸ் முறிவு. எக்ஸ்றே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 வருடம் முன்பே, 1814இல், அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கொலிஸ் இதை விவரித்துவிட்டார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதால் சாதாரண விழுகையே போதும். புறங்கை நிலத்தில் பட விழுந்தால் துண்டு உள்ளங்கைப் பக்கம் சாயும்; அது ஸ்மித் முறிவு.

காப்பையும் மோதிரத்தையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பின் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். மடித்த பேப்பர்க்கட்டை முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை வைத்துத் தளர்வாகக் கட்டி, கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி வையுங்கள். மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்க வேண்டிவரலாம், அதனால் சாப்பாடு கொடுக்க வேண்டாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் நரம்பு நசிகிறது. விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

தம்பி மோட்டார் சைக்கிளில் விழுந்தான். எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்து நாளாகியும் பெருவிரல் அடியில் நோகுது. (அக்கரைப்பற்று)

எங்களுக்கு மிகக் கவலை தரும் கேள்வி இதுதான். இளம் வயதில் இப்படி விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மணிக்கட்டில் உள்ள ஸ்கபொயிட் என்ற சிறு எலும்பை. கையின் வடிவம் மாறாது, வீக்கமும் சொற்பம், அதனால் சுளுக்கென்று விட்டுவிடுகிறார்கள்.

பெருவிரலை விரித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அதன் அடியில் இரு கயிறுகள் போன்ற தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அங்கே மெதுவாக அழுத்துங்கள். அடுத்து உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பில் பெருவிரல் மேட்டின் அடியில் உள்ள முண்டை அழுத்துங்கள். கடைசியாகப் பெருவிரலை அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளுங்கள். மற்றக் கையோடு ஒப்பிட்டு இவற்றில் ஒன்று நொந்தாலும், முறிவில்லை என்று காட்டும்வரை முறிவென்றே கொள்ள வேண்டும்.

முதல்நாள் படத்தில் வெடிப்பு தெரியாமல் போவது உண்டு. கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் ஸ்கபொயிட்டுக்கென்றே உள்ள கோணங்களில் மறுபடி படம் எடுக்க வேண்டும். வசதியிருந்தால் எம்ஆர்ஐ முன்னதாகவே காட்டிவிடும். இரத்தம் இந்த எலும்புக்குள் பெரும்பாலும் விரல் பக்கமிருந்துதான் நுழைகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடந்து செத்துப்போகலாம்.

எட்டு வயது மகள் சைக்கிளில் விழுந்தாள். வீக்கமில்லை, ஆனால் கையைத் தர மறுக்கிறாள். (களுவாஞ்சிகுடி)

மணிக்கட்டு மூட்டுக்குச் சற்று மேலே எலும்பைத் தொட்டதும் அழுதால் படம் எடுங்கள். பிள்ளைகளின் எலும்பு உடையாமல் நெளியும். நெளிவு மட்டுமென்றால் சிம்புக் கட்டில் சுமார் மூன்று வாரத்தில் ஆறிவிடும். எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் பட்டிருந்தால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போட்டு இறுக்கிக் கட்டினோம். இரவிலிருந்து நோவு கூடுது. (கல்முனை)

கட்டை இப்போதே முழுவதுமாக அவிழுங்கள். பிளாஸ்டர் என்றாலும் வைத்தியசாலைக்குப் போய் உடனே வெட்டிப் பிளக்கச் சொல்லுங்கள். விரல்களை மற்றவர் நிமிர்த்தும்போது தாங்க முடியாத நோவு வந்தால் உள்ளே அழுத்தம் ஏறித் தசை சாகிறது. நாடி துடிப்பது ஆறுதல் அல்ல, அது கடைசியில்தான் நிற்கும். அவிழ்த்தும் குறையாவிட்டால் அறுவை தேவைப்படலாம். அதற்குச் சில மணித்தியாலங்களே உண்டு.