மதியச் சோறு ஆறிப்போகிறவருக்கு

எட்டு மாதமாக வேலையில்லை, பத்து நிமிடம் என்று ரீல்ஸ் திறந்தால் மதியச் சோறு ஆறிப்போகிறது, செயலியை நீக்கினாலும் மறுநாளே ஏற்றிவிடுகிறேன் என்கிறீர்கள். நானும் அப்படிக் கிடந்தவன்தான். அம்மா வைத்த காபியில் ஏடு படிந்திருக்கும், கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டே எடுக்கும் வைராக்கியம் மாலை வரை தாங்காது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு. குரூப் 4 எழுதுகிறீர்களோ இல்லையோ, காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக ஓர் இடம். அப்படியே உங்கள் வேலைவாய்ப்புப் பதிவையும் பாருங்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதிந்து 5 ஆண்டு ஆகியிருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பொறியியல் படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. நீங்கள் பி.காம். என்பதால் விண்ணப்பம் வாங்கி வாருங்கள்.