தெருநாயைக் கண்டாலே பாய்கிறான், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு இரண்டு வயது. வீட்டில் குழந்தை மாதிரி இருக்கிறான். வாக்கிங் போகும்போது தெருநாய் கண்ணில் பட்டால் போதும், குரைத்துப் பாய்கிறான். சங்கிலியைச் சுண்டி இழுத்து அதட்டச் சொன்னார்கள். ஆறு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். நாளுக்கு நாள் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சுண்டி இழுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எதிரே ஒரு நாய் வந்தது, கழுத்து வலித்தது: அவனுக்குப் புரிவது இவ்வளவுதான். பத்து முறை இப்படி நடந்தால், இன்னொரு நாய் வந்தாலே வலி வரும் என்று முடிவு கட்டிவிடுவான்.

இப்படிப் பாயும் நாய்களில் பெரும்பாலானவை பயந்துபோனவை. சங்கிலி இல்லாவிட்டால் விலகிப் போயிருக்கும். கட்டிப் பிடித்திருப்பதால் விலக வழியில்லை, எனவே சத்தம் போட்டு எதிராளியை விலக்கப் பார்க்கிறது. குரைத்ததும் தெருநாய் போய்விடும், அல்லது நீங்கள் இவனை இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இரண்டிலும் அவன் நினைத்தது நடந்துவிடுகிறது. மறுநாள் இன்னும் சீக்கிரம் குரைப்பான்.

இதற்கு முதல் மருந்து தூரம். இன்னொரு நாயைப் பார்த்த பிறகும் எவ்வளவு தள்ளி நின்றால் நிதானமாகச் சாப்பிடுகிறான் என்று கண்டுபிடியுங்கள். சில நாய்களுக்கு 15 மீட்டர் போதும், சிலவற்றுக்கு 50 வேண்டும். அவன் வாயைக் கவனியுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடுவான். காது முன்னால் வரும், உடம்பு விறைக்கும், வால் கம்பி மாதிரி நிற்கும். அடுத்த நொடி குரைப்பு. வாய் மூடியதுமே திரும்பி நடந்துவிட வேண்டும்.

எலும்பில்லாத கோழிக்கறியை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, பட்டாணி அளவில் 40, 50 துண்டுகளாக வெட்டி இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு அன்றைய சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். முதலில் அவன் அந்த நாயைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கறி. அந்த நாய் கண்ணுக்குத் தெரிகிற நேரம் முழுவதும் ஒவ்வொரு துண்டாகக் கொடுங்கள், மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பலர் தவறுவது இந்த வரிசையில்தான். தூரத்தில் நாயைக் கண்டு பதறிப்போய் முன்கூட்டியே கறியை நீட்டினால், கறி வந்தாலே பின்னால் நாய் வரும் என்று அவன் கறியையே சந்தேகப்படுவான். வாங்க மறுத்தால் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பத்தடி பின்வாங்குங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நான்கு நாள் போதும். தெருநாயைப் பார்த்த கையோடு உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கிறானா? அப்போது இரண்டடி நெருங்கலாம். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் பிடித்த இடத்தையும் இழப்பீர்கள். ஒருநாள் குரைத்துத் தீர்த்துவிட்டால் அடுத்த ஓரிரு நாள் வெளியே கூட்டிப் போகாமல் வீட்டிலேயே விளையாட விடுங்கள், பதற்றம் இறங்கட்டும்.

தெருநாய்கள் நமக்காக ஓரிடத்தில் நிற்காது என்பது உண்மையான சிக்கல். எந்தத் தெருவில் எந்த நாய் எங்கே படுக்கும் என்று முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படுத்திருக்கும் நாய்தான் பயிற்சிக்கு ஏற்றது. தெருமுனையிலோ நிறுத்திய காருக்குப் பக்கத்திலோ நின்றால் மறைந்துகொள்ளவும் வசதி. கூட்டமாக உங்களை நோக்கி வந்தால் ஓடாதீர்கள். ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கம் சிதற வீசிவிட்டு நிதானமாகத் திரும்புங்கள்.

கழுத்தை இறுக்கும் சங்கிலிக்குப் பதில், மார்பில் வளையம் உள்ள ஹார்னஸும் (கழுத்தில் இல்லாமல் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஆறடி வாரும் வாங்குங்கள். வார் தொய்வாகத் தொங்கட்டும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் முறியும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் நாளை எச்சரிக்காமலே கடிப்பான்.

கேள்வி: ஐந்து வருடம் ஒன்றாக வளர்ந்த இரண்டு பெண் நாய்கள் திடீரென்று ரத்தம் வரச் சண்டையிடுகின்றன. விட்டுவிட்டால் தாமாகவே சரியாகுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஆகாது. இன்றே தனித்தனி அறையில் வையுங்கள், தட்டும் தனித்தனியாக இருக்கட்டும். திடீரென்று என்கிறீர்கள், அதனால் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, இடுப்பு மூட்டு வலி எதுவானாலும், யாராவது உரசினால் கடிக்கத் தோன்றும். வலி தீர்ந்த பிறகும் உடனே ஒன்றாக விடக் கூடாது. ஆளுக்கொரு நாயாகப் பிடித்து, தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடத்திப் பழக்குங்கள். ஒரே வீட்டுப் பெண் நாய்களின் சண்டை பல நேரம் தீராது. கதவு போட்டு வாழவேண்டியும் வரலாம்.

கேள்வி: சண்டையை எப்படிப் பிரிப்பது? (வாசகி, காரைக்குடி)

பதில்: கழுத்துப்பட்டையில் கை வைக்காதீர்கள், கடி உங்களுக்குத்தான் விழும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். கனமான போர்வை, நடுவில் நுழைக்க ஒரு பலகை, எது கிடைத்தாலும் சரி. கவ்விப் பிடித்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். வாயை விட்டிருந்தால், இரண்டு பேர் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி நகருங்கள். பல் பதிந்த ஓட்டை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களைக் கடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் முதல் ஊசியோடு நிறுத்தாமல், அவர்கள் குறித்துக் கொடுக்கும் எல்லாத் தேதியிலும் போய்ப் போட்டு முடியுங்கள்.