சட்டம் கேள்வி-பதில்: செயல் எது, மனம் எது?

கேள்வி: ஒருவரைக் கொல்ல வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தாலே குற்றமா?

பதில்: இல்லை. மனதுக்குள் இருக்கும்வரை எண்ணத்துக்குத் தண்டனை கிடையாது. பொதுவாக ஒரு குற்றம் நிரூபணமாக, சட்டம் தடுத்த செயலும் வேண்டும், குற்ற மனமும் வேண்டும். வக்கீல்கள் இவற்றை ஆக்டஸ் ரியஸ், மென்ஸ் ரியா என்று லத்தீனில் சொல்வார்கள். அதே வரிகளை உரியவருக்கு அனுப்பிவிட்டால் அது மிரட்டல், அனுப்பியதே செயலாகிவிடுகிறது. இன்னொருவரோடு சேர்ந்து கொல்ல ஒப்புக்கொண்டால் சதி.

செயலும் குற்ற மனமும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நடந்த ஃபேகன் வழக்கைப் பாருங்கள். காரை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரரின் பாதத்தில், ஃபேகன் ஓட்டிய காரின் சக்கரம் ஏறி நின்றுவிட்டது. ஏறியது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் கால்மேல் வண்டி நிற்கிறது, எடு என்று அவர் சொன்ன பிறகும் ஃபேகன் உடனே எடுக்கவில்லை. சக்கரம் காலில் இருந்த அத்தனை நேரமும் ஒரே தொடர் செயல், தெரிந்தும் எடுக்க மறுத்தபோது குற்ற மனம் அதோடு சேர்ந்துகொண்டது என்று சொல்லி மேல்முறையீட்டிலும் தண்டனையை உறுதி செய்தார்கள். எந்த வழக்கிலும் முதலில் தேட வேண்டியது அந்த நொடியைத்தான்.

கேள்வி: ஏன் செய்தார் என்ற காரணமே தெரியாவிட்டால் விடுதலை கிடைக்குமா?

பதில்: அதனால் மட்டும் கிடைக்காது. 'ஏன் செய்தார்' வேறு, 'வேண்டுமென்றே செய்தாரா' வேறு. வலியில் துடிப்பவரை இரக்கப்பட்டுக் கொன்றாலும் கொல்லும் நோக்கம் இருந்ததுதானே? நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் காரணம் ஒரு கண்ணியாக உதவும், அதோடு சரி.

குற்ற மனத்திலும் படிகள் உண்டு. மாடியிலிருந்து ஒரு செங்கல் விழுந்து ஒருவர் இறக்கிறார். அவரைக் குறிவைத்து எறிந்திருந்தால் அது நோக்கம். கீழே ஆட்கள் நடமாடுவது தெரிந்தும் 'யார்மேலும் படாது' என்று எறிந்திருந்தால், ஆபத்தை அறிந்தே துணிந்தது. எட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டிருந்தால் கவனக்குறைவு. செங்கல் ஒன்று, சாவு ஒன்று; குற்றமும் தண்டனையும் மாறிவிடுகின்றன. வேக வரம்பை மீறுவது போன்ற சிறு குற்றங்கள் பலவற்றில் மனநிலையைக் கேட்பதே இல்லை.

கேள்வி: விஷம் வைத்தவர் தப்ப முடியுமா, ஆள் வேறு காரணத்தால் இறந்தால்?

பதில்: கொலையிலிருந்து தப்பலாம், கொலை முயற்சியிலிருந்து முடியாது. 1910-ல் இங்கிலாந்தில் வைட் என்பவர் தன் தாயின் பானத்தில் பொட்டாசியம் சயனைடு கலந்தார். தாய் இறந்தார், ஆனால் மருத்துவச் சான்று மாரடைப்பைக் காட்டியது. விஷம் இல்லாவிட்டாலும் அந்தச் சாவு நடந்திருக்கும் என்பதால் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு அறுந்தது. தண்டனை முயற்சிக்கு மட்டுமே.

கேள்வி: எதுவுமே செய்யாமல் இருப்பது குற்றமாகுமா?

பதில்: கடமை இருந்தால் ஆகும். 1902-ல் பிட்வுட் என்ற ரயில்வே கேட்காரர், கேட்டை மூடாமல் சாப்பிடப் போய்விட்டார். தண்டவாளத்தைக் கடந்த வண்டியில் ரயில் மோதி ஒருவர் இறந்தார். சம்பளம் வாங்கி ஏற்ற கடமை என்பதால் கொலையாகாத மரணம் விளைவித்ததாகத் தீர்ப்பானது. பெற்றோருக்குப் பிள்ளைமேலும், ஆபத்தைத் தானே உண்டாக்கியவருக்கு அதைத் தடுப்பதிலும் இதே கடமை உண்டு. குளத்தில் மூழ்கும் அந்நியரைக் காப்பாற்றும் கடமை ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் இல்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும், தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாதவரைத் தண்டிக்கலாம்.

கேள்வி: குற்றங்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் கடுமையை வைத்து. பிரான்சில் மூன்று படி: அபராதத்தோடு முடியும் சிறு மீறல்கள், 10 ஆண்டு வரை சிறை உள்ளவை, அதற்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனி நீதிமன்றம். இங்கிலாந்தில் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதே வகையைச் சொல்லும். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்க இடமிருந்தால் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். அதற்குக் கீழே மிஸ்டிமீனர், அதாவது சிறுகுற்றம். 5 நாளோ அதற்குக் குறைவோ என்றால் வெறும் மீறல். அங்கே தவறிப்போகும் இடம் இதுதான்: நீதிபதி கொடுத்த தண்டனையை அல்ல, சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சத்தைப் பார்க்க வேண்டும். ஆறே மாதம் சிறையில் இருந்து வந்தவரும் ஃபெலனிக் குற்றவாளியாக இருக்கலாம்.