ஞானப்பல் எடுத்தவருக்குப் புரோட்டீன் டப்பா தேவையா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. கும்பகோணத்தில் ஒரு பல் மருத்துவமனையில் கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தார்கள். கிளம்பும்போது புண் சீக்கிரம் ஆறும் என்று சொல்லி புரோட்டீன் பவுடர், கொலாஜன் பொடி, வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியைக் கொடுத்து, இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டார்கள். மருந்துச் சீட்டில் இவை இல்லை. புரோட்டீன் டப்பாவை மட்டும் பிரித்துவிட்டோம். இதெல்லாம் கட்டாயம் வேண்டுமா? திருப்பிக் கொடுக்க முடியுமா?
– வாசகி, வலங்கைமான்

பதில்: சீட்டில் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கட்டாயம் இல்லை. சீட்டில் உள்ள மருந்துகளைச் சொன்ன நாள்வரை ஒழுங்காகக் கொடுங்கள், பெட்டி ஓரமாக இருக்கட்டும்.

அந்த மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்றும், ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்றும் அச்சடித்திருக்க வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சட்டத்தின் கணக்கில் அது உணவு, மருந்தல்ல. நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கவும் கூடாது. 14 இலக்க உரிம எண்ணையும் தேடுங்கள். அது இல்லாத சரக்கைத் தொடவே வேண்டாம். இருந்தாலும், உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது.

புண் ஆறப் புரதமும் வைட்டமின் சியும் ஜிங்க்கும் தேவை என்பது உண்மைதான். குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை உதவும். நன்றாகச் சாப்பிடுகிற பையனுக்கு மேலும் மேலும் கொட்டுவதால் ஈறு சீக்கிரம் மூடிவிடாது. 60 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய 15 கிராம், மீதி பருப்பிலும் தயிரிலும் சோற்றிலும் வந்துவிடும். வைட்டமின் சிக்குக் கொல்லையில் பழுத்த பப்பாளியை மசித்துக் கொடுங்கள். கொய்யாவில் இன்னும் அதிகம்தான், ஆனால் அதன் விதை பல் எடுத்த குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போதைக்கு வேண்டாம்.

முதல் நாள் ஆறின நொய்க்கஞ்சி, குழைய மசித்த தயிர்சாதம். மறுநாளிலிருந்து பாலில் ஊறிய இட்லி, நெய் விட்ட பருப்புச்சாதம். கொதிக்கக் கொதிக்க டிகிரி காபியும் வெற்றிலை சீவலும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

பெட்டியைவிட எனக்குக் கவலை ஸ்ட்ராதான். புரோட்டீன் பாலோ இளநீரோ, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து, எலும்பை மூடிக்கொண்டிருக்கும். உறிஞ்சினாலோ, காறித் துப்பினாலோ, சிகரெட் பிடித்தாலோ அது பெயர்ந்துவிடலாம். டிரை சாக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வலி குறைய வேண்டிய இரண்டாம் மூன்றாம் நாளில் காதுவரை விண் விண்ணென்று தெறிக்கும். அப்படியானால் பவுடரைக் கலக்கிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். இளநீரைச் சீவி டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவே வேண்டாம். அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து, துப்பாமல் சாய்த்து ஊற்றிவிடச் சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். பிரித்த டப்பாவில் குறை ஏதும் இல்லையென்றால் அது உங்கள் கணக்குதான். பிரிக்காதவற்றை பில்லோடு எடுத்துப்போய்க் கேளுங்கள். பில்லில் திருப்பி எடுக்கும் காலக்கெடு போட்டிருந்தால் உங்கள் பக்கம் வலு கூடும். பில்லே தரவில்லையா? அதுவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். ‘பெட்டி வாங்கினால்தான் சிகிச்சை’ என்று சொல்லியிருந்தால் அதுவும் சட்டத்துக்குப் புறம்பானதே. நியாயமாக நடக்கவில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சரக்குக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: எனக்கு 58 வயது, சுகர் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் கடைவாய்ப் பல் எடுக்கப் போகிறார்கள். தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மீனெண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, சத்துப் பவுடர் மூன்றையும் தொடரலாமா?
– வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: மூன்று டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப்போய் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பூண்டு மாத்திரையும் மீனெண்ணெயும் ரத்தம் உறைவதில் குறுக்கிடலாம் என்பதால், உங்களைப் போன்றவருக்கு டாக்டர் சொல்லாமல் அவை வேண்டாம். ஆனால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து. எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சத்துப் பவுடர் டப்பாவின் பொருள் பட்டியலில் சர்க்கரையோ, சர்க்கரை போலவே ரத்தத்தில் சுகரை ஏற்றும் மாவுப்பொருளான மால்டோடெக்ஸ்ட்ரினோ முதலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டு டப்பாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.