ஒளியால் இயங்கும் குவாண்டம் கணினி ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: சாதாரணக் கணினி சிப் தயாராகும் அதே ஆலையில், ஒளியைக் கொண்டு இயங்கும் குவாண்டம் சிப்பையும் செய்கிறார்களாமே? அதற்குக் கடுங்குளிரும் தேவையில்லை என்று படித்தேன். பிறகு ஏன் இந்தத் தாமதம்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஆலையில் செய்கிறார்கள் என்பது உண்மையே. 2008-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலிக்கான் தகட்டின் மேல் அமைந்த சிலிக்கா (கண்ணாடிப் பொருள்) ஒளிப்பாதைகளில் ஒளித்துகள்களான ஃபோட்டான்களை ஒற்றை ஒற்றையாகச் செலுத்திக் குவாண்டம் செயல்களை நடத்திக் காட்டினார்கள். அங்கிருந்து வந்தவர்கள் தொடங்கிய சைகுவாண்டம் நிறுவனம், நியூயார்க் மாநிலத்திலுள்ள குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆலையில் செய்த சிப்புகளைப் பற்றி 2025-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளியிட்டது. குவாண்டம் கணினியின் தகவல் அலகுகளான கியூபிட்டுகளில் இரண்டை இணைக்கும் செயலின் துல்லியம் 99.22 விழுக்காடு என்கிறது அக்கட்டுரை. ஆனால் ஃபோட்டான் கண்டறியப்பட்ட தருணங்களை மட்டுமே வைத்துக் கணக்கிட்ட எண் அது என்றும், வழியில் தொலைந்தவை அதில் சேரவில்லை என்றும் கட்டுரையாளர்களே நேர்மையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தாமதத்திற்கான முதற்காரணம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

ஒளி கடந்து செல்லும் சிப்பின் ஒவ்வோர் உறுப்பும் நூற்றுக்கு ஒரு ஃபோட்டானை மட்டுமே இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு உறுப்புகளைக் கடந்து வருபவை ஏறத்தாழ 37 விழுக்காடுதான். பத்து ஃபோட்டான்களும் ஒருசேர வந்து சேர வேண்டுமென்றால், இலட்சம் முறை முயன்றால் நான்கு முறை வாய்க்கும். தொலைந்த ஃபோட்டானை நகலெடுத்து ஈடுசெய்யவும் குவாண்டம் விதிகள் இடம் தருவதில்லை.

ஃபோட்டானை உண்டாக்குவதும் எளிதன்று. சிலிக்கான் பாதைக்குள் லேசர் துடிப்பைச் செலுத்தும்போது எப்போதாவது ஓர் இணை ஃபோட்டான் பிறக்கிறது; ஒன்றைக் கண்டறிந்தால் மற்றது இருப்பது தெரியும். எப்போது பிறக்கும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. துடிப்பை வலுவாக்கினாலோ இரண்டு இணைகள் பிறந்து கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே பல மூலங்களை வரிசையாக வைத்து, வெற்றி பெற்றதை மட்டும் திருப்பிவிடும் அதிவேக ஒளி ஸ்விட்ச் வேண்டும். மின்புலத்தைக் கொண்டு ஒளியை உடனடியாகத் திருப்பும் இயல்பு, படிக அமைப்பின் சமச்சீர்மையால் சிலிக்கானுக்கு இல்லை. சூடேற்றித் திருப்பலாம், அதற்கு மைக்ரோவிநாடிக் கணக்கில் நேரமாகும்; ஒரே மைக்ரோவிநாடிக்குள் (விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) ஒளி கண்ணாடி இழையில் 200 மீட்டர் ஓடிவிடும். இதனால்தான் அந்த இயல்பு உள்ள பேரியம் டைட்டனேட் என்னும் வேறொரு பொருளைச் சிப்பில் சேர்க்கிறார்கள்.

கடுங்குளிர் பற்றி நீங்கள் படித்ததில் பாதிதான் சரி. ஃபோட்டானுக்குக் குளிர் வேண்டாம்; அதைக் கண்டறியும் மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருள்) நுண்கம்பிக்கு வேண்டும், மைனஸ் 270 டிகிரி செல்சியஸை ஒட்டி.

கேள்வி: இத்தனை குறைகள் இருந்தும் சிலிக்கானை ஏன் விடவில்லை?
– அதே வாசகர்

பதில்: இலட்சக்கணக்கான உறுப்புகளை ஒரே தரத்தில் செய்து தரும் ஆலைகள் சிலிக்கானுக்கே இருக்கின்றன. அத்துடன், இழப்பு மிகக் குறைந்த சிலிக்கான் நைட்ரைடு பாதைகளையும் அதே ஆலைகளில் அமைக்க முடிகிறது.