சில்லு சுடுகிறது, எதைக் கழற்றுவது? – பழைய வாகனங்களின் பிரேக் பற்றிய கேள்வி பதில்

கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: பிரேக் பிடித்தபடியே நிற்கிறது, எந்தச் சாமானை மாற்றுவது? மாற்றுவது இருக்கட்டும். சில்லைப் பிடித்து வைத்திருப்பது ஒயில் அழுத்தமா, இறுகிப்போன இரும்பா? அது தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: எங்கள் டொல்பின் வானில் முன் இடது சில்லு, பரந்தன் போய்ச் சேர்வதற்குள் கொதிக்கிறது. கலிப்பர் (சில்லோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) புதிதாகப் போட்டோம், மாற்றமில்லை. இப்போது மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணா?

பொறுங்கள் தம்பி. பெடலை மிதித்ததும் சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதில் பிழை என்றால் வலது சில்லும் சேர்ந்து சுட்டிருக்கும். ஒரு சில்லு மட்டும் சுடுகிறது, கலிப்பரும் புதிது என்றால் என் சந்தேகம் கலிப்பருக்கு ஒயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மீதுதான். வெளியே பார்த்தால் அதில் ஒரு வெடிப்பும் இருக்காது. உள்சுவர் ஊதித் துளை அடைபட்டிருக்கும். நீங்கள் மிதிக்கிற பலத்துக்கு ஒயில் எப்படியோ உள்ளே போய்விடும். காலை எடுத்தபின் அதைத் திருப்பி அனுப்ப அந்தப் பலம் கிடையாது. கலிப்பருக்குள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஒரு சிறிய ரப்பர் சீல்தான். அதனால் அழுத்தம் கலிப்பருக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

உறுதிப்படுத்துவது சுலபம். சில்லு இறுகியிருக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். ஆனால் கொதிக்கும்போது ஒயில் பாதையைத் திறக்காதீர்கள், சற்று ஆறட்டும். பின் சில்லுகளுக்கு அடை வைத்து, ஜக்கில் தூக்கி, அடியில் பாலை மரக்கட்டை கொடுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், இரும்புக் குழாய் ரப்பர் ஹோசுடன் சேரும் மேல் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே சில்லு இளகினால் அழுத்தம் மேலேயிருந்து வருகிறது, ஹோஸ் குற்றவாளி அல்ல. இளகாவிட்டால் கலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். ஒயில் ‘சீச்’ என்று பீறிட்டு, அடுத்த கணமே சில்லு கைக்கு இளகிச் சுற்றினால் ஹோஸ்தான், வேறு பேச்சே இல்லை. நிப்பிளைத் திறந்தும் அசையாவிட்டால் அது இரும்பு வேலை: பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது கலிப்பர் நகரும் பின்கள் கிறீஸ் காய்ந்து இறுகியிருக்கும். புதுக் கலிப்பர் போடும்போது பழைய பின்களையே துடைக்காமல் மாட்டிவிடுவதும் உண்டு, அதையும் பாருங்கள்.

ஹோசை மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். வலது பக்கத்துக்கும் அதே வயதுதானே. பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை மறக்காமல் எடுங்கள்.

கிளிநொச்சி: அப்பாவின் மொறிஸ் மைனர். சில மைல் ஓடியதும் நான்கு சில்லும் பிடிக்கின்றன. நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. ஏன்?

நான்கும் சேர்ந்து பிடித்தால், தம்பி, நான்குக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. பெடலை விட்டதும் ஒயில் தாங்கிக்குத் திரும்பிப் போக அதற்குள் ஊசி முனையளவு துளை ஒன்று உண்டு. பெடலுக்குச் சற்றும் விளையாட்டு இல்லாமல், பிஸ்டனைத் தள்ளும் தண்டை இறுக்கிவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வராமல் அந்தத் துளையை மூடிக்கொள்ளும். ஓட ஓட ஒயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் நான்கு டிரம்மிலும் சூக்களை, அதாவது டிரம்மின் உள்சுவரில் உரசும் பிரேக் கட்டைகளை, தள்ளும். ஆறினால் சுருங்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள், தண்டு பிஸ்டனைத் தொடுமுன் சற்றுச் சும்மா போக வேண்டும். அது சரியாக இருந்தால் துளையை அழுக்கு அடைத்திருக்கலாம். விரிப்பைத் தூக்கி மூடியைத் திறக்கும்போது கிறவல் தூசி நேரே உள்ளே விழுகிற இடம் அது. திறக்குமுன் சுற்றிலும் ஈரத் துணியால் துடைப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

வவுனியா: பிரேக் ஒயில் குறைந்ததென்று பவர் ஸ்டியரிங் ஒயில் விட்டுவிட்டார்கள். வடித்துவிட்டால் போதுமா?

போதாது. பெற்றோலியத்தில் செய்த எந்த ஒயிலும் பிரேக் ரப்பரை ஊத வைக்கும். தாங்கியின் மூடி ரப்பர் பருத்து, திரும்பப் பொருந்தாமல் நின்றால் கதை முடிந்தது: குழாய்களைக் கழுவி, சீல், கப், ஹோஸ் என்று ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சந்தேகமானால் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சில துளிகள் விட்டுப் பாருங்கள். டொட் 3, டொட் 4 வகைப் பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். மற்றது மேலே மிதக்கும்.

தண்ணீரோடு கலக்கும் அந்தக் குணமே அதற்கு எமனும். புதிய டொட் 3 கொதிக்கக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வேண்டும், ஈரம் உறிஞ்சியதற்கு 140 போதும். பிடித்தபடி ஓடுகிற பிரேக்கில் ஒயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மல்லாவி: லொறியில் என்ஜின் சூடும் ஏறுகிறது. பிரேக் பிடிப்பதால் இருக்குமா?

இருக்கலாம். என்ஜின் பிரேக்கையும் சேர்த்து இழுக்கிறதல்லவா, டீசலும் கூடத்தான் குடிக்கும். ஆளில்லாத மட்டமான வீதியில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலில் விடுங்கள். லொறி தானாக உருளாமல் கட்டிப் பிடித்தாற்போல் நின்றால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். நன்றாக உருண்டால் ரேடியேட்டர் பக்கம் போங்கள். நிற்கும்போது மட்டும் சூடேறினால் மின்விசிறி, பெல்ட். ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றும் லொறியென்றால் ரேடியேட்டர் இடுக்கெல்லாம் பதரும் வைக்கோல் தூசியும்தான். என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

முல்லைத்தீவு: மீன் ஏற்றும் வண்டி, பின் சில்லுகள் காலையில் அசைய மறுக்கின்றன.

உப்பு. கைப்பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். கேபிளைப் பின்பக்கம் கழற்றிவிட்டுச் சில்லைச் சுற்றுங்கள், இளகினால் கேபிளை மாற்றுங்கள். இரவில் கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சில்லுக்கு அடை வையுங்கள்.

மாங்குளம்: எந்தச் சில்லு சுடுகிறதென்று கருவி இல்லாமல் எப்படிப் பார்ப்பது? சுட்டால் தண்ணீர் ஊற்றலாமா?

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எப்படியும் இறங்குவீர்கள் அக்கா. தேங்காய் உடைக்கப் போகுமுன் நான்கு சில்லையும் ஒரு சுற்றுச் சுற்றி, தொடாமல், புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் எரிந்தால் அங்கே கோளாறு. தண்ணீர் ஊற்றவே வேண்டாம், டிரம்மில் வெடிப்பு விழும். கழற்றும்போது தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், நனைத்துத் துடையுங்கள்.

புதுக்குடியிருப்பு: வழியில் இறுகிவிட்டால் வான் வீடு வந்து சேர என்ன வழி?

ஆறவிடுங்கள். ஆறியபின் இளகினால் மெதுவாக, பிரேக்கைக் குறைத்து, கீழ்க் கியரில் வாருங்கள். மறுபடி இறுகினால் ஓட்டாதீர்கள். உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பதும் எனக்குப் பிடிக்காது: என்ஜின் ஓடாதபோது, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாக இருக்கும். லொறியில் ஏற்றி அனுப்புங்கள்.