சிப்பாய்னு ஏன் சொல்லணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குண்டு வச்சு ஒண்ணுமறியாத ஜனங்களைக் கொல்றவனுக்கு வக்கீல், சாட்சி, அப்பீல்னு வருஷக்கணக்கா எதுக்கு? இது நாட்டு மேல தொடுத்த போர்தானே, பட்டாளத்தை விட்டு முடிச்சிட வேண்டியதுதானே?

பதில்: உங்க கோபத்துல எந்தத் தப்பும் இல்ல. வேலைக்கு ரயில்ல போனவங்க, காய் வாங்க வந்தவங்க, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காதவங்க சிதறிக் கிடக்கறதப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா போர்னு ஒரு தடவை சொல்லிட்டா அது கூடவே என்னல்லாம் வருதுன்னு பாருங்க. போர்ல ஒரு சிப்பாய் எதிரிச் சிப்பாயைச் சுட்டா அது கொலை இல்ல, அதுக்காக அவன் மேல கேஸ் போட முடியாது, பிடிபட்டா அவன் போர்க்கைதி, 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி அவனைக் கண்ணியமா வச்சிருந்து சண்டை முடிஞ்சதும் ஊருக்கு அனுப்பிடணும். பொதுமக்களைக் கொல்றது போர்லயும் குற்றம்தான், அதனால குண்டு வைக்கறவனுக்கு இந்த சலுகையெல்லாம் தானா கிடைச்சிடாது, அது சரி. ஆனா அவன் ஏங்கறதே இந்த அந்தஸ்துக்குத்தான். நான் கொலைகாரன் இல்ல, படைவீரன்னு உலகம் சொல்லணும், அவனுக்கு வேண்டியது அதுதான்.

2001 டிசம்பர்ல பாரிஸ்லேர்ந்து மயாமி போன ஃப்ளைட்ல, ஷூவுக்குள்ள வெடிமருந்து வச்சு அதைக் கொளுத்தப் பாத்தான் ரிச்சர்ட் ரீட். கூட வந்த பயணிங்களும் விமானப் பணியாளர்களும் சேர்ந்து அமுக்கிட்டாங்க. 2003 ஜனவரியில பாஸ்டன் கோர்ட்ல ஆயுள் தண்டனை கொடுத்தப்ப ஜட்ஜ் வில்லியம் யங் அவன்கிட்ட நேராவே சொன்னாரு, நீ எந்தப் போர்லயும் சிப்பாய் கிடையாது, நீ ஒரு தீவிரவாதி, உன்னைச் சிப்பாய்னு கூப்பிட்டா அது உன் தகுதிக்கு ரொம்ப மீறின மரியாதைன்னு. அந்த ஆளுக்குக் கிடைச்ச தண்டனையிலயே பெரிய தண்டனை அந்த வார்த்தைதான்னு நான் நினைக்கறேன்.

இன்னொரு உதாரணம் இத்தாலி. இதப் பத்தி நம்ம பக்கம் ரொம்பப் பேசறதில்ல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1976ல டூரின் நகரத்துல ரெட் பிரிகேட்ஸ்ங்கற இடதுசாரி ஆயுதக் குழுவோட தலைவர்கள் மேல கேஸ் நடத்த ஆரம்பிச்சாங்க. அவங்க கோர்ட்ல நின்னு, நாங்க அரசோட போர்ல இருக்கறவங்க, இந்த கோர்ட்டையே நாங்க ஏத்துக்கல, வக்கீலும் வேண்டாம், எங்களுக்காக எவன் வாதாடினாலும் அவன் அரசோட ஆள்தான்னு மிரட்டினாங்க. ஏன்னா வக்கீல் இல்லாம கேஸ் நடக்க முடியாது, கேஸ் நடக்கலன்னா அவங்க சொன்ன மாதிரி அது போராவே ஆயிடும். டூரின் வக்கீல் சங்கத் தலைவர் ஃபுல்வியோ க்ரோச்சே அவங்களுக்காக வாதாடற பொறுப்பை ஏத்துக்கிட்டாரு, 1977 ஏப்ரல்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. அப்புறம் ஜூரியில உக்கார ஆள் கிடைக்கல, கூப்பிட்டவங்க எல்லாம் உடம்பு சரியில்லன்னு சர்டிஃபிகேட் கொடுத்துட்டு ஒதுங்கினாங்க, பாவம் பயம் யாருக்குத்தான் இல்ல. கடைசியில ஒரு கட்சித் தலைவியா இருந்த அதெலைதே அலியெத்தா உள்பட சில பேர் துணிஞ்சு உக்காந்தாங்க. 1978 மார்ச்ல மறுபடி கேஸ் தொடங்கின அடுத்த வாரமே முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவைக் கடத்திட்டாங்க, மே மாசம் பிணமாத்தான் கிடைச்சாரு. அப்பக்கூட கேஸை நிறுத்தல. ஜூன்ல தீர்ப்பு வந்துச்சு, தலைவர் ரெனாத்தோ குர்ச்சியோவுக்கு 15 வருஷம். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த அமைப்புல பெரிய இடத்துல இருந்த பத்ரீட்சியோ பேச்சி பிடிபட்டு எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சதும் அவங்க ஒளிஞ்சிருந்த வீடு ஒவ்வொண்ணா மாட்டுச்சு. இத்தாலியும் அப்போ சில கடுமையான சட்டம் போட்டுச்சு, அதுல எல்லாமே எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனா ரோட்டுல டாங்கியை இறக்கி அந்த அமைப்பை ஒழிக்கல, கோர்ட்டும் போலீஸும்தான் உடைச்சுது.

கேள்வி: கோர்ட்னு போனா தீர்ப்பு வர்றதுக்குள்ள எங்க தலைமுறையே முடிஞ்சிடும். ராணுவம்னா சட்டுனு முடியுமே?

பதில்: நிறைய பேர் இப்படித்தான் நம்பறாங்க, ஆனா நடந்தது நேர்மாறு. ஒரே குடும்பத்துல ரெண்டு பேர், மாமாவும் மருமகனும். மருமகன் ராம்ஸி யூசுஃப், 1993 பிப்ரவரியில நியூயார்க் உலக வர்த்தக மையத்துக்கு அடியில குண்டு வச்சு 6 பேரைக் கொன்னவன். 1995ல இஸ்லாமாபாத்ல பிடிச்சு, அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சாதாரண ஃபெடரல் கோர்ட்ல கேஸ் நடத்தி, 1998 ஜனவரியில ஆயுள் தண்டனையும் அதுக்கு மேல 240 வருஷமும் கொடுத்துட்டாங்க. கிட்டத்தட்ட மூணே வருஷம். மாமா காலித் ஷேக் முகமது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குத் திட்டம் போட்டவன்னு சொல்லப்படறவன், 2003 மார்ச்ல ராவல்பிண்டியில பிடிபட்டான். இது போர், கோர்ட்டுக்கு வேலை இல்லன்னு அவனை சிஐஏ ரகசியச் சிறைக்குக் கொண்டுபோய், மூச்சு முட்டற மாதிரி முகத்துல தண்ணி ஊத்தற சித்திரவதையை 183 தடவை பண்ணி, அப்புறம் கியூபாவுல இருக்கற அமெரிக்க ராணுவச் சிறை குவாண்டனாமோ, ராணுவமே நடத்தற ராணுவ கமிஷன் விசாரணைன்னு போயி, இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் தீர்ப்பே வரல. அடிச்சு வாங்கின வாக்குமூலத்த எந்த அளவுக்கு ஏத்துக்கறதுன்னே பெரிய சிக்கலாயிடுச்சு. 2024ல குற்றத்தை ஒத்துக்கறேன், மரண தண்டனை மட்டும் வேண்டாம்னு ஒரு உடன்பாடு வந்துச்சு, அதையும் ரெண்டே நாள்ல பாதுகாப்பு அமைச்சர் ரத்து பண்ணிட்டாரு. கிட்டத்தட்ட 3000 பேர் செத்த தாக்குதல்ங்க இது, அந்தக் குடும்பங்களுக்கு நாம செய்யற நியாயம் இதுதானா?

மும்பை 2008 தாக்குதல்ல உயிரோட பிடிபட்ட கசாப்பையும் பாருங்க. ஒன்றரை வருஷத்துல விசாரணைக் கோர்ட் தீர்ப்பு, அப்புறம் ஹைகோர்ட், 2012 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட், அங்கயும் அவனுக்காக வாதாட மூத்த வக்கீல் ஒருத்தரைக் கோர்ட்டே போட்டுச்சு. தூக்கு சரியா இல்லையாங்கறதுல எனக்கு வேற கருத்து உண்டு. ஆனா யாரு அனுப்பினாங்க, எங்க பயிற்சி கொடுத்தாங்கன்னு ஆதாரத்தோட பதிவாச்சு, அதை உலகத்துக்கு முன்னாடி வைக்க முடிஞ்சுது. பிடிபட்ட அன்னிக்கே சுட்டுப் போட்டிருந்தா இதுல பாதி கூட வெளியில வந்திருக்காது.

கேள்வி: ஐஎஸ் மாதிரி ஒரு கூட்டம் ஊரையே பிடிச்சு வச்சிருந்தா? போலீஸ் போய் வாரண்ட் நீட்ட முடியுமா?

பதில்: முடியாது. 2014 ஜூன்ல ஈராக்ல மொசூல் நகரத்தையே பிடிச்சாங்க, வரி வாங்கினாங்க, டாங்கி வச்சிருந்தாங்க, அங்க நடந்தது போர்தான், அதைப் போர்ச் சட்டப்படிதான் எதிர்கொள்ளணும், 2017 ஜூலையில ராணுவம்தான் மீட்டுச்சு. நிலமும் படையும் வச்சுக்கிட்டு சண்டை போடற இடத்துல போர்னு சொல்றதுல எனக்குத் தயக்கமே இல்ல. நான் எதிர்க்கறது, எந்த ஊர்லயும் எந்த வீட்டுலயும் எப்ப வேணாலும் போர்க்களம்னு ஒரு அரசு தானே அறிவிச்சுக்கறத. போலீஸ்காரர் ஒருத்தன் வீட்டுக்குப் போனா முதல்ல அவன் யாருன்னு உறுதி பண்ணணும், பக்கத்துல குழந்தைங்க இருந்தா பின்வாங்கணும். போர்ல கணக்கே வேற, இலக்கு முக்கியம்னா கூட இருக்கறவங்க சாவு ஓரளவுக்கு சட்டத்துக்குள்ளயே அடங்கிடும். 2021 ஆகஸ்ட் 29 காபூல்ல ஒரு வெள்ளை கார்ல வெடிமருந்து இருக்குன்னு அமெரிக்க ட்ரோன் ஏவுகணை விட்டுச்சு. செத்தது 10 பேர், அதுல 7 பேர் குழந்தைங்க. காரை ஓட்டினவர் ஒரு உதவி நிறுவனத்துல வேலை பாத்தவர். மூணு வாரம் கழிச்சு தப்பு நடந்துடுச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க, யாருக்கும் ஒரு நடவடிக்கையும் இல்ல. இது எனக்கு இன்னிக்கும் ஆறல.

ராணுவத்தால எவ்வளவு முடியும்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்க ராணுவத்துக்கே ஆய்வு பண்ணிக் கொடுக்கற ராண்ட் நிறுவனம் 2008ல 1968லேர்ந்து 2006 வரைக்கும் இருந்த 648 தீவிரவாத அமைப்புகளை எடுத்துப் பாத்துச்சு. முடிவுக்கு வந்த அமைப்புகள்ல 43 சதவீதம் அரசியலுக்குள்ள வந்து முடிஞ்சுது, 40 சதவீதம் போலீஸ், உளவுத்துறையால முடிஞ்சுது, ராணுவ பலத்தால முடிஞ்சது 7 சதவீதம்தான்.

கேள்வி: இதுக்குன்னு ஒரு சர்வதேச கோர்ட் இருக்கா?

பதில்: இல்ல. ஹேக்ல இருக்கற சர்வதேச குற்றவியல் கோர்ட்டோட சட்டத்துல தீவிரவாதம்னு தனிக் குற்றமே கிடையாது. ஐ.நா.ல 1996லேர்ந்து பொதுவா ஒரு ஒப்பந்தம் போடப் பேசிட்டே இருக்காங்க, எதைத் தீவிரவாதம்னு சொல்றதுங்கறதுலயே ஒத்துவரல. ஆனா மனசு இருந்தா வழி கிடைக்கும். 1988ல ஸ்காட்லாந்துல லாக்கர்பிங்கற ஊர் மேல விமானத்துல குண்டு வெடிச்சு 270 பேர் செத்த கேஸ்ல, சந்தேகப்பட்ட ஆட்களை ஒப்படைக்க லிபியாவை சம்மதிக்க வைக்க, நெதர்லாந்துல ஒரு பழைய ராணுவ முகாமுக்குள்ள ஸ்காட்லாந்து கோர்ட்டையே கொண்டுபோய் வச்சு நடத்தினாங்க.

கேள்வி: கோர்ட் மட்டும் யோக்கியமா? அப்பாவிங்களைப் பிடிச்சு உள்ள போடறதும் போலீஸ்தானே?

பதில்: நியாயமான கேள்வி, எனக்கும் இதுல கவலை உண்டு. 1974 பர்மிங்காம் பப் குண்டுவெடிப்புக்கு ஆறு பேரை அடிச்சு வாக்குமூலம் வாங்கி 1975ல ஆயுள் தண்டனை கொடுத்தாங்க, குண்டுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆகி 1991லதான் வெளிய வந்தாங்க. பதினாறு வருஷம் போச்சு, யாராலயும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனா அவங்க வெளிய வந்ததே, ஒரு தீர்ப்பு இருந்துச்சு, அதுக்கு ஆதாரம்னு சில காகிதம் இருந்துச்சு, அதைப் பொய்னு காட்ட அப்பீல்னு ஒரு வாசல் இருந்துச்சுங்கறதாலதான். 1971 ஆகஸ்ட்ல வட அயர்லாந்துல கேஸே போடாம முதல் நாளே 342 பேரை அள்ளிட்டுப் போனாங்களே, அதுல அப்பாவின்னு நிரூபிக்க ஒருத்தனுக்கு என்ன வழி இருந்துச்சு? குற்றச்சாட்டே இல்லையே. அதுக்கப்புறம் வன்முறை குறையவும் இல்ல, ஏறிட்டுதான் போச்சு. அதனால நம்ம கோபமெல்லாம் போலீஸை ஒழுங்கா விசாரிக்க வைக்கறதுல, வாக்குமூலத்தை மட்டும் நம்பாம தடயத்தைத் தேட வைக்கறதுல, ஜாமீன் இல்லாம வருஷக்கணக்கா அடைச்சு வைக்கற சட்டத்தைத் தட்டிக் கேக்கறதுல இருக்கணும்.

கேள்வி: செத்தவங்க குடும்பத்துக்கு இந்த விவாதத்தால என்ன பிரயோஜனம்?

பதில்: பாரிஸ் 2015 நவம்பர் தாக்குதல்ல 130 பேர் செத்தப்ப பிரான்ஸ் ஜனாதிபதி இது போர்னுதான் சொன்னாரு. ஆனா உயிரோட இருந்த குற்றவாளிங்களைக் கோர்ட்லதான் நிறுத்தினாங்க, 2021 செப்டம்பர்லேர்ந்து 2022 ஜூன் வரைக்கும் நடந்துச்சு. உயிர் தப்பினவங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்களுமா நானூறு பேர் கிட்ட வந்து ஒவ்வொருத்தரா பேசினாங்க, என் பொண்ணு எப்படிப்பட்டவன்னு ஒரு அம்மா குற்றவாளிக்கு முன்னாடியே சொல்ல முடிஞ்சுது, அதை ஜட்ஜ் கேட்டாரு, நாடே கேட்டுச்சு. குவாண்டனாமோவுக்கும் செப்டம்பர் 11 குடும்பங்கள் விமானம் ஏறிப் போயிட்டுதான் இருக்காங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, விசாரணை தொடங்கறதுக்கு முந்தின வாதங்களையே வருஷா வருஷம் கேட்டுட்டுத் திரும்பி வர்றாங்க.